பின்கதவுக்கு முட்டுக் கொடுத்த இரும்பு

எங்கள் வீட்டுப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அதன் அடியில் ஓர் இரும்பை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். ஒரு பக்கம் கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். பிரிந்த நுனிகளில் வளையம் வளையமாக ஓட்டை. அந்த வளையங்களுக்குள் கறுப்பு ரப்பர் இன்னும் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் மயிரிழை போல ஆரம்பித்து நகம் நுழைகிற அளவுக்கு அகன்ற ஒரு கீறல். வீட்டுக்கு வருகிறவர்களில் வண்டி வேலை தெரிந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, இது காரின் லோயர் ஆர்ம் ஆயிற்றே, டீச்சர் வீட்டில் இதற்கு என்ன வேலை என்று கேட்பார்கள். முன்சக்கரத்தைக் காரின் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கை அது. அப்பா வைத்திருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு காப்பி போடப் போய்விடுவேன்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு எல்லோரும் பின்பக்கமாகத்தான் வருவார்கள். பின்சந்து நேராகக் கடைத்தெருவுக்குப் போகிறது. முன்வாசலுக்கு வர வேண்டுமென்றால் தெருவையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பால்காரரும் பூக்காரம்மாவும், என்னிடம் படித்து இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிற மாணவிகளும் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உரிமையோடு உள்ளே வருகிறவர்கள். இதே ஊரில் வாழ்க்கைப்பட்டு இதே ஊரில் இருக்கிற என் அக்கா மட்டும், முழங்கால் வலியையும் இழுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக வருவாள். பின்வாசலில் படி உயரம், ஏற முடியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை படியைத் தணித்துக் கட்டியும் பார்த்தேன். அதற்குப் பிறகும் அவள் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

போன மாதம் விழுப்புரத்தில் பெரியப்பா இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு அவருடைய பிள்ளைகள் நினைவு மலர் ஒன்று போடுவதென்று முடிவு செய்தார்கள். வழுவழுப்பான தாளில், அட்டையில் பெரியப்பா மாலையோடு சிரிக்கிற படம். குடும்பத்தில் எழுதத் தெரிந்தவள் நான்தானாம். பெரியப்பாவைப் பற்றி நல்லதாக இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று சின்ன அண்ணன் போனில் கேட்டான். நானும் மரியாதையாகச் சரி என்றேன். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வந்ததெல்லாம் இதுதான். மலருக்கு இது ஆகாது என்று எனக்கும் தெரியும். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பெரியப்பாவுக்கு விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். அப்பா சிறுவனாக இருக்கும்போதே தாத்தா போய்விட்டதால் அவரை வளர்த்து ஆளாக்கியது பெரியப்பாதான். இதை நாங்கள் மறந்துவிடாதபடி அவரே பார்த்துக்கொண்டார். அப்பாவை ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்த்துவிட்டது அவர். அம்மாவைப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவர். அவருடைய வீட்டின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. எனக்கு டைஃபாய்டு வந்தபோது காரில் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் பறந்தவர் அவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க நின்றவரும் அவர்தான். ஆனால் அவருடைய அன்பு எப்போதும் மேலேயிருந்து கீழே விழுவது. அதை ஏந்திக்கொள்ளக் குனிந்து குனிந்தே அப்பாவுக்கு முதுகு வளைந்துவிட்டது. அண்ணன் நிற்கும்போது அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்கென்று நிலம் இல்லை, வீடு இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பேர். அவர் கை வைத்த பொருள் அதே கோளாறோடு திரும்பி வராது என்கிற பேர். சைக்கிள், தையல் மிஷின், பம்புசெட்டு என்று எதையாவது தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். பெருமுக்கல்லிலிருந்து ஒரு விவசாயி தன் பம்புசெட்டின் உறுப்புகளை எல்லாம் கோணியில் கட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி வருவார். அப்பா கூலி வாங்க மாட்டார். ஒரு படி மல்லாட்டையோ ஒரு பூசணிக்காயோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். வேலை முடிந்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "கை வச்சா திரும்பி வரக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவர் பெருமையாகச் சொல்லி நாங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கம். அக்காவுக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வண்டி உதிரிப் பாகங்கள் விற்கிற கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்து வொர்க்ஷாப் மெக்கானிக்குகள் எல்லோரும் அவர் கடையில் நின்று டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள். அவ்வளவு பெரிய இடம் ரயில்வே ஃபிட்டரின் மகளுக்கு வந்தது பெரியப்பாவின் மண்டிக்காகவும் அவருடைய வெள்ளைக் காருக்காகவும்தான். பெரியப்பா அதைச் சொல்லிக்காட்டத் தவறவில்லை. அது இரண்டு கை மாறி வந்த கார். மாப்பிள்ளை வீட்டில் அதைப் பெரியப்பா எப்படி வர்ணித்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. நிச்சயதார்த்தத்துக்கு அவர்களுடைய பெரியவர்களை அந்தக் காரிலேயே அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு அப்போதுதான் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டதால்தான் அவள் தலையாட்டினாள். ஆசிரியப் பயிற்சியில் இருந்த நான் அப்போது லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன்.

பௌர்ணமியன்று பெரியப்பா திருவக்கரைக்குப் போனார். வக்கிரகாளியம்மன்மேல் அவருக்குப் பக்தி அதிகம். கல்யாணக் காரியம் நல்லபடி நடக்க வேண்டிக்கொண்டு, அம்மன் காலடியில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழங்களோடு திரும்பி வருகையில், இருட்டில் ஒரு மதகின் விளிம்பில் முன்சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டார். வீடு வந்து சேரும்போது கார் ஒரு காலைச் சாய்த்துக்கொண்டு நொண்டியது. காலையில் அப்பா கீழே படுத்துப் பார்த்துவிட்டு, லோயர் ஆர்ம் கீறல் விட்டிருக்கிறது, இனி ஒரு பள்ளம் தாங்காது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். வொர்க்ஷாப்பில் விட்டால் ஒரு நாள் வேலை. ஆனால் விழுப்புரத்தில் எந்த வொர்க்ஷாப்பில் விட்டாலும் சாயங்காலத்துக்குள் சேதி திண்டிவனம் போய்விடும். பழைய காரைப் புதுசு என்று சொன்னது வெளியே வந்துவிடும். பெரியப்பாவின் பயம் அதுதான். மண்டி ஆளைப் புதுச்சேரிக்கு பஸ்ஸில் அனுப்பி, வேறொரு ஆர்மைக் கோணியில் சுற்றி எடுத்துவரச் செய்தார். நம் வீட்டுப் பின்னாலேயே மாற்றிவிடு என்று அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கு அதில் சந்தோஷம்தான். மகளுடைய கல்யாணத்தில் தன் கையாலும் ஒரு காரியம் நடக்கிறதே என்று நினைத்திருப்பார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தார். அப்பா லீவு போட்டிருந்தார். வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கிவைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே அழுத்திவைத்த ஸ்பிரிங் ஒன்று உண்டு. அது திடீரென்று விடுபட்டால் ஆளையே அடித்துப் போட்டுவிடும் என்று சொல்லி எங்களைக் கிட்டே வரவிடவில்லை. ஆர்முக்கு அடியில் இன்னொரு ஜாக்கியைக் கொடுத்து, நூல் நூலாகத் தணித்து, அந்த ஸ்பிரிங்கைப் பச்சைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி ஓரமாக வைத்தார். துருவேறிய போல்ட்டுகள்தான் அவரைப் பாடாய்ப் படுத்தின. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டி, மறுபடி ஊற்றி, ஒவ்வொன்றாக அசைத்து எடுத்தார். அவர் வேலை செய்வதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. முனகல் இல்லை, வசவு இல்லை. கழற்றியதை எல்லாம் ஒரு சாக்கின்மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்கிவைப்பார். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அக்கா அம்மியில் அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

புது ஆர்ம் ஏறி, ஸ்பிரிங் உட்கார்ந்து, போல்ட்டுகள் எல்லாம் அதனதன் இடத்தில் நுழைந்தபோது பெரியப்பா குளித்துவிட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு பின்கட்டுக்கு வந்தார். தாம்பாளத்தில் சூடமும் அந்தத் திருவக்கரை எலுமிச்சம்பழங்களும். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் வண்டி தரையில் இறங்கிப் பழத்தை நசுக்கிவிட வேண்டும் என்றார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். போல்ட்டை எல்லாம் இப்போது சும்மா மாட்டித்தான் வைத்திருக்கிறேன், வண்டியை இறக்கி, அதன் பாரம் முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முடுக்கு முடுக்க வேண்டும், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கேட்டார். பெரியப்பாவுக்கு இது ஒத்துவரவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. சூடம் காட்டிப் பழம் நசுக்கிய வண்டியின்மேல் ஒரு மண்டலத்துக்கு ஸ்பேனரோ சுத்தியலோ படக் கூடாது. பட்டால் அம்மன் கொடுத்த காப்பை நாமே அவிழ்த்த மாதிரி. ராகு காலத்துக்கு முன்னால் பழம் நசுங்க வேண்டும், நசுங்கிய பிறகு இரும்பு படக் கூடாது என்றால், முடுக்குவதைத் தொங்கும்போதே முடித்தாக வேண்டும்.

அப்பா தயங்கினார். அண்ணனிடம் அவர் மறுத்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"தொங்கசொல்ல முடுக்கினா ரப்பரு முறுக்கிக்கினு நிக்கும்ணா. எறக்கினா கிழிஞ்சி பூடும்."

பெரியப்பா கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தாம்பாளத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அப்பாவின் தோளில் வலது கையை வைத்தார்.

"ஒன் பொண்ணு கல்யாணம்டா இது. அம்மன் பழத்த வச்சிக்கினு நிக்கிறேன். நீ ரப்பரப் பத்திப் பேசிக்கினு இருக்க. ஜல்தியா முடுக்கிட்டு எறக்கு."

அப்பா மறுபடி கீழே படுத்தார். ஸ்பேனர் போல்ட்டில் கடிக்கிற சத்தம் கேட்டது. அந்த ரப்பர் விஷயத்தை நானும் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வளையத்துக்குள் இருக்கிற ரப்பர், முடுக்கும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையையே தன் நிலை என்று பிடித்துக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும். கொஞ்ச நாளில் நார்நாராகக் கிழிந்து, இரும்போடு இரும்பு உரச ஆரம்பிக்கும். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தே முடுக்கினார். சூடம் எரிந்தது, பழங்கள் நசுங்கின, பெரியப்பா தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பிரமாதம் என்றார். அப்பா கழற்றிய பழைய ஆர்மைக் கையில் எடுத்து, அதிலிருந்த ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு அப்பா இரண்டொரு தடவை, வண்டியை ஒரு மணி நேரம் கொடுங்கள், தளர்த்திவிட்டு மறுபடி முடுக்கித் தந்துவிடுகிறேன் என்று கேட்டார். மண்டலம் முடியட்டும் என்பதுதான் பதில். மண்டலம் முடிவதற்குள் முகூர்த்தப் புடவை எடுக்கிற நாள் வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய், மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மாவும் மற்றப் பெண்களும் வாடகை வேனில் முன்னால் போனார்கள். எங்கள் காரைப் பெரியப்பா ஓட்ட, பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா. பின்சீட்டில் அப்பா, அக்கா, நான்.

கிளியனூர் வரைக்கும் பெரியப்பா பாட்டுப் போட்டுக்கொண்டு ஜோராகத்தான் ஓட்டினார். ஊரைத் தாண்டியதும் சாலை பள்ளமும் மேடுமாக வந்தது. முதல் பள்ளத்தில் முன்பக்கமிருந்து ஒரு கிறீச். அடுத்ததில் இன்னும் நீளமாக. பிறகு அது நிற்கவே இல்லை. பெரியப்பா பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். வாழ்நாள் முழுக்க வண்டிச் சாமான் விற்றவர். சத்தத்தைக் கேட்டே சாமானைச் சொல்லக் கூடியவர். லோயர் ஆர்ம் மாற்றியிருக்கிறீர்கள், புஷ் ரப்பர் கிழிந்துவிட்டது, எவனோ அந்தரத்திலேயே முடுக்கியிருக்கிறான் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். எந்த வொர்க்ஷாப்பில் பார்த்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பில், எங்களுக்குத் தெரியாமல் என்ன மறைத்தீர்கள் என்ற கேள்வியும் இருந்தது.

பெரியப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"வொர்க்ஷாப்ல உடலாம்னுதான் சொன்னேன் சம்பந்தி. நம்ம தம்பிதான் நானே பண்றேன், நானே பண்றேன்னு எறங்கிட்டான். சொன்னா கேக்கறவனா அவன்?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அந்த முகம் திரும்பவே இல்லை. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அண்ணன் பொய்யராகியிருப்பார், அவ்வளவுதான். அப்பா திறமையற்றவர் என்றும், பெண்ணைப் பெற்றவரே வண்டியின் ஊனத்தை மறைத்தார் என்றும் ஆகியிருக்காது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் பின்பக்கம் திரும்பி, என்ன ஃபிட்டரே, ரயிலையும் இப்படித்தான் முடுக்குகிறீர்களா என்று கேட்டார். அப்பா லேசாகச் சிரித்தார். புதுச்சேரி போகும்வரை கார் அழுதுகொண்டே போனது.

கல்யாணம் நிற்கவில்லை. நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்குச் சொல்கிறேன். மறைத்தது தெரிந்தபிறகும் அவர்கள் பெண் எடுத்தார்கள். எங்கள் வாயை அடைக்க அவர்களுக்கு ஆயுசுக்கும் ஒரு பிடி கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் கட்டில் முனகினாலும் ஊஞ்சல் கிறீச்சிட்டாலும், "விழுப்புரம் ஃபிட்டரு வந்துட்டாரு" என்பார் அக்காவின் மாமனார். வீடே சிரிக்கும். அவளும் சிரிக்க வேண்டும். அக்கா ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெயை வைத்துக்கொண்டு வீட்டிலிருக்கிற கீல் ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொண்டே இருப்பாள். டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் போக வேண்டாம் என்று தாலி ஏறிய மாதமே சொல்லிவிட்டார்கள். ஒப்புக்கொண்டீர்களே என்று அக்கா கேட்டதற்கு, உங்கள் வீட்டில் எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னீர்களோ என்று திருப்பிக் கேட்டார்கள். அவள் விழுப்புரத்துக்கு வந்து அப்பாவிடம் அழுதாள். நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கெஞ்சினாள். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல்வரை போனார். அங்கேயே நின்றார். பிறகு துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டார். நான் என்ன முகத்தோடு போய் நிற்பேன் என்பதுதான் அவர் சொன்னது. அக்கா அன்று சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். வேலைக்குச் சேர வேண்டிய கெடு முடிந்துபோயிற்று.

மெக்கானிக்குகள் கூடுகிற கடையாயிற்றே, அந்தக் கதை அங்கிருந்து ஊர் ஊராகப் போயிற்று. ஷெட்டிலும் கேலி செய்தார்களாம். பெருமுக்கல் விவசாயி அதற்கப்புறம் கோணியோடு வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரையும் அப்பாவே, கடையில் கொடுத்துப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். சில சமயம் அந்தப் பழைய ஆர்மை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷம் உழைத்தும் கிழியாத அந்த ரப்பரை விரலால் தடவிக்கொண்டிருப்பார். அது எவனோ ஒரு முகம் தெரியாத தொழிலாளி, பாரம் தரையில் உட்கார்ந்த பிறகு நிதானமாக முடுக்கியது. பெரியப்பா அந்தக் காரை விற்றுவிட்டு வேறு வாங்கினார். அப்பா ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே போய்ச் சேர்ந்தார். பின்கட்டைக் காலி செய்யும்போது நான் கேட்டு எடுத்துவந்தது அந்த இரும்பை மட்டும்தான். அப்பாவின் பேரைக் காப்பாற்றுகிற ஒரே சாட்சி அதுதான் என்று நினைத்தேன்.

பெரியப்பா படுக்கையில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, சாவதற்குச் சில நாள் முன்னால் பார்க்கப் போயிருந்தேன். கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பிள்ளைகள் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, எதையும் கேட்காமலேயே, அவராகவே சொன்னார். உங்கப்பன் வேலையில் குறை ஒன்றும் இல்லை, நான்தான் அவசரப்படுத்தினேன், கிளியனூர் ரோட்டில் அவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தான் என்றார். இத்தனை வருஷமும் அவருக்கு அது நினைவில் இருந்திருக்கிறது. மறந்துதான் போயிருப்பார் என்று நான் அவருக்குக் கொடுத்துவைத்திருந்த சலுகையும் அன்றோடு போயிற்று. இதை உங்கள் பிள்ளைகள் முன்னாலும் அக்கா முன்னாலும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள் பெரியப்பா, அது போதும் என்று கேட்டேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"அவன்தான் பூட்டானே. போனவன் பேரு போனதாவே இருக்கட்டும். நான் இன்னும் இருக்கேன்ல."

செத்துக்கொண்டிருக்கிற மனிதர் சொன்னது இது. நான் எழுந்து வந்துவிட்டேன். பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில் அவருடைய பெரிய மகன் இதே கார்க் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தான். சித்தப்பா கெடுத்த வண்டிக்காக எங்கப்பா அவரை ஒரு சொல் கடிந்துகொண்டதில்லை, அப்படிப்பட்ட மனசு என்றான். பக்கத்தில் அக்கா இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று அக்கா வந்திருந்தாள். வழக்கம்போல முன்வாசல் வழியாக. இதற்கு மேல் பொறுக்க முடியாமல், பெரியப்பா கட்டிலில் சொன்னதை எல்லாம் அவளிடம் கொட்டினேன். அப்பா மேல் தப்பில்லை என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார், இனியாவது உன் மனசு ஆறட்டும் என்று சொன்னேன். அவள் அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காப்பியை நிதானமாக ஆற்றிக் குடித்து முடித்தாள்.

"அதான் எனக்கு அன்னிக்கே தெரியுமே. அம்மிகிட்ட ஒக்காந்துக்கினு எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றாள். "அப்பா அவங்க அண்ணனுக்குத் தன் பேரக் குடுத்தாரு. அது அவரு பொருளு, குடுத்துட்டுப் போவட்டும். கூடவே என்னையும் சேத்துக் குடுத்துட்டாரே. அத யாருடி கேட்டாங்க?"

இத்தனை காலமும் அப்பாவுக்காகவே ஒரு வழக்கை மனசுக்குள் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வழக்கில் அக்காவும் ஒரு வாதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் அப்பாவுக்கு எதிராக. கிளியனூர் சாலையில் ஒரு வார்த்தை, பின்வாசலிலிருந்து திண்டிவனம்வரை ஒரு பஸ் பயணம். அவள் கேட்டது இவ்வளவுதான். அண்ணனுக்காக எதையும் தாங்கக் கூடிய மனிதர், மகளுக்காக வாயைத் திறக்கவில்லை. அதைப் பொறுமை என்றும் பெருந்தன்மை என்றும் சொல்லி என் மாணவிகளுக்கெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

நேரமாயிற்று என்று அக்கா எழுந்தாள். வெளியே தூறல். பின்சந்து வழியாகப் போனால் நனையாமல் சீக்கிரம் போய்விடலாம், படியைக்கூடத் தணித்துக் கட்டியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கதவை அகலத் திறந்தேன். கதவு கிறீச்சிட்டது. அக்கா அங்கே கீழே கிடந்த இரும்பைப் பார்த்தாள்.

"படிக்காகச் சுத்திக்கினு வரேன்னா நெனச்ச?" என்று கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள்.